தென்னையடி மண்ணுக்கும் பசிக்கும்

வணக்கம் நேயர்களே. நான் வன்னியில் புதுக்குடியிருப்புப் பக்கம் தென்னை வைத்திருக்கிறவன். தென்னையின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் எங்களுக்காக வேலை செய்கிற நுண்ணுயிர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நிலையத்தாருக்கு நன்றி.

2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பியபோது தலையில்லாத தென்னைகளைப் பார்த்து அழுதோம். மண்ணுக்கு என்ன நடந்தது என்று யோசிக்க அப்போது யாருக்கும் மனம் இருக்கவில்லை. மண்ணணை கட்ட டோசர் வழித்த காணிகள், பதுங்குகுழி வெட்டிய வளவுகள், கண்ணிவெடி எடுக்கக் கிளறிய நிலங்கள் என்று பல இடங்களில் அடிமண் மேலே வந்து கிடந்தது. மண்ணில் உயிர் அதிகம் இருப்பது மேலே உள்ள ஒரு சாண் மண்ணில்தான். அந்த ஒரு சாண் போய்விட்டால், பார்வைக்கு மண்போல இருக்கும். கன்றுக்கு அங்கே சாப்பாடு சமைத்துக் கொடுக்க ஆளில்லை. எங்கள் காணியிலும் ஒரு மூலை அப்படி இருந்தது. என்ன பசளை போட்டாலும் கன்றுகள் மஞ்சளாகவே நின்றன.

அந்த மூலைக்காக ஒருமுறை நுண்ணுயிர்த் திரவம் ஒரு போத்தல் வாங்கினேன். தகரக் கூரைக்குக் கீழே அது எத்தனை மாதம் இருந்ததோ, கடையில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சித்திரை வெயிலில், வெறும் மணலில், யூரியா போட்ட அடுத்த நாள் கொண்டுபோய் ஊற்றினேன். ஒரு மாற்றமும் வரவில்லை. இந்தத் திரவமெல்லாம் ஏமாற்று என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொன்னது பிழை. நான் வாங்கியது உயிருள்ள பொருள். சூட்டில் சாகும், காய்ந்தால் சாகும், தின்ன எதுவும் கிடைக்காவிட்டால் பட்டினியில் சாகும். கோழிக்குஞ்சு வாங்கி வந்து கூடும் தீனியும் இல்லாமல் வெயிலில் விட்டதுபோலத்தான் நான் செய்தேன்.

சரி, இவை என்ன வேலை செய்கின்றன? காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நைதரசன் இருக்கிறது. மரம் அதை நேரே எடுக்க முடியாது. அசோஸ்பைரில்லம் என்ற பக்டீரியா வேரோடு ஒட்டி வாழ்ந்து அதைப் பிடித்து மாற்றிக் கொடுக்கிறது. பொஸ்போபக்டீரியா அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கரையாமல் கிடக்கும் பொஸ்பரசைக் கரைக்கிறது. எப்பாவலவில் வெட்டி எடுக்கும் பாறைப் பொஸ்பேற்றுப் பசளையை எங்கள் மண்ணில் போட்டால் கரைய நாளெடுக்கும். அமிலம் குறைந்த மண் அது. இந்தப் பக்டீரியா இருந்தால் அந்த வேலை இலகுவாகும்.

நான் அதிகம் மதிப்பது மைக்கோரைசா என்ற பங்கசை, அதாவது பூஞ்சணத்தைத்தான். காரணம் தென்னை வேரிலேயே இருக்கிறது. தென்னைக்கு ஆணிவேர் இல்லை, வேர்மயிரும் இல்லை. கயிறு கயிறாகச் சல்லி வேர்கள் மட்டும்தான். மற்றப் பயிர்கள் வேர்மயிரால் மண்ணைத் துழாவி எடுப்பதைத் தென்னையால் செய்ய முடியாது. மைக்கோரைசா வேருக்குள் புகுந்து வெளியே நூல்நூலாகப் பரவி, வேர் எட்டாத இடத்திலிருந்து பொஸ்பரசும் ஈரமும் கொண்டுவந்து கொடுக்கிறது. கூலியாக மரம் அதற்குச் சீனி கொடுக்கிறது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்த கையோடு வெயில் ஏறி, மாதக்கணக்கில் மழை காணாத எங்கள் நிலத்துக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடைக்காது.

ஆனால் இந்தக் கூட்டாளிகள் தங்க வேண்டுமென்றால் முதலில் மண்ணுக்குச் சாப்பாடு போட வேண்டும். எங்கள் ஆட்கள் குழை தாழ்த்தியதும், ஆட்டுப்பட்டி கட்டியதும் இதற்குத்தான். பூவரசங் குழை, சீமைக்கிளுவைக் குழை, மாட்டெரு, பாளை, மட்டை எல்லாம் தென்னையடிக்குத் திரும்பிப் போக வேண்டியவை. லுணுவிலவில் இருக்கும் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் சீமைக்கிளுவையைத் தென்னைக்கிடையில் நடுவது பற்றிப் பல காலமாக ஆராய்ந்து, நடச் சொல்லி வருகிறது. வேலியில் நிற்கும் அந்த மரத்தை வெட்டி அடியில் போட ஒரு கத்தி போதும்.

நாங்கள் என்ன செய்கிறோம்? ஓலையைக் குவித்து நெருப்பு வைக்கிறோம். பொச்சுமட்டையை லொறியில் ஏற்றி விடுகிறோம். மட்டையில்தான் பொட்டாசியம் இருக்கிறது. தென்னை மிக அதிகமாகக் கேட்கும் சத்து அது. மட்டையை மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி மண்ணோடு அடுக்காகத் தாழ்த்தினால், மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து வெயில் காலத்தில் விடும். நுண்ணுயிர்களுக்கு அதுவே குளிர்ந்த வீடு. நுளம்புக்குப் பயந்து எரிக்கிறோம் என்று சொல்வீர்கள். அந்தப் பயம் நியாயமானது. சிரட்டையையும் மட்டையையும் தண்ணீர் தேங்க விடாமல் மண்ணுக்குள் போட்டு மூடுங்கள், நுளம்புக்கு இடமில்லை.

இன்னொன்றையும் திறந்து சொல்கிறேன். நுண்ணுயிர் பொட்டாசியத்தைப் புதிதாக உண்டாக்காது. அதனால் பசளையை ஒரேயடியாக விட்டுவிட முடியாது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. அந்த வருடம் முடிய முன்னரே தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. பல வருடம் பட்டினி கிடந்த மண்ணை ஒரே போகத்தில் உயிராக்க முடியாது. பசளையைப் படிப்படியாகக் குறையுங்கள். மண் தாங்கும் அளவுக்குத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம், நுண்ணுயிர்ப் பொட்டலம் வாங்குகிறவர்களுக்கு அளவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு மரத்துக்கு அசோஸ்பைரில்லம் 50 கிராம், பொஸ்போபக்டீரியா 50 கிராம், மைக்கோரைசா 50 கிராம் என்று சொல்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உக்கிய எருவோடு கலந்து, உணவு எடுக்கும் வேர்கள் இருக்கும் இடத்தில் போட வேண்டும். மரத்திலிருந்து ஆறடிக்குள் அந்த வேர்கள் இருக்கும். இரசாயனப் பசளையோடும் பூச்சிமருந்தோடும் கலக்கக் கூடாது. வன்னிக்கு நல்ல நேரம் புரட்டாதி, ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்த பிறகு. பின்னேரத்தில் போட்டு, ஓலையால் மூடி விடுங்கள். வாங்கும்போது காலாவதித் திகதியைப் பாருங்கள், நிழலில் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள்.

வாங்க வசதியில்லாதவர்கள் சீவாமிர்தம் என்ற நுண்ணுயிர்க் கரைசலை வீட்டிலேயே செய்யலாம். 200 லீற்றர் தண்ணீருக்குப் பசுஞ்சாணம் 10 கிலோ, கோசலம் 10 லீற்றர், பனங்கட்டி 2 கிலோ, பயற்றம் மா 2 கிலோ, அதோடு ஒரு பிடி நல்ல மண். அந்தப் பிடி மண்ணை எங்கள் வீட்டில் ஒரு பழைய பாலை மரத்தின் அடியில், சருகை விலக்கி எடுக்கிறோம். நிழலில் வைத்துத் தினமும் கலக்கி, இரண்டு மூன்று நாளில் ஈரமான மண்ணில் ஊற்ற வேண்டும்.

எருக்குவியல் வைத்திருப்பவர்கள் கருவண்டைக் கவனியுங்கள். கொம்புள்ள அந்த வண்டு முட்டையிடுவது உக்கும் எருவிலும் உக்கிய குற்றியிலும்தான். குவியலை அடிக்கடி புரட்டிப் புழுவைப் பொறுக்குங்கள். மெற்றாரைசியம் என்ற பங்கசைக் குவியலில் கலந்தால் அது புழுக்களைத் தாக்கிக் கொல்லும்.

போன மாரிக்கு முன் அயலில் உள்ள ஒரு அம்மா கேட்டார்: “தம்பி, இதெல்லாம் செய்தால் எப்ப தேங்காய் கூடும்?” ஒரு பாளை மரத்தின் குருத்துக்குள் உருவாகத் தொடங்கி, வெளியே வந்து வெடித்து, அதில் தேங்காய் முற்றிப் பறிக்கும் வரை மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். அதைத்தான் அவருக்கும் சொன்னேன். ஆனால் மண் அவ்வளவு நாள் எடுக்காது. எங்கள் அந்த மூலையில், குழையும் எருவும் போட்ட இரண்டாவது மாரியில் மண்புழு வந்தது. மூன்றாவது வருடம் வைகாசியில் ஓலையை விலக்கி மண்வெட்டியால் கொத்தினேன். அரை முழத்தில் மண் கையில் ஈரமாக ஒட்டியது.