கார்க் பட்டையில் காற்றுச் செடி

நேயர்களுக்கு வணக்கம். நர்சரிகளில் நரைத்த தாடி மாதிரி தொங்கும் ஸ்பானிஷ் மாஸைப் பார்த்திருப்பீர்கள். மண்ணும் இல்லை, தொட்டியும் இல்லை. அது டிலான்சியா வகை, அன்னாசிக்குச் சொந்தம். இந்த வகைச் செடிகளை ஏர் பிளான்ட் என்று விற்பதால், காற்றே போதும் என்று வாங்கிப்போய் மாட்டிவிடுகிறார்கள். போதாதுங்க, தண்ணீர் வேண்டும். அதைக் குடிப்பது இலைமேல் இருக்கும் நுண்ணிய சாம்பல் செதில்கள். வேர் இருக்கிற வகைகளுக்கும் அது பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

எதைப் பிடிக்க? என்னைக் கேட்டால் கார்க் பட்டை, பாட்டில் மூடி செய்வார்களே, அந்த மரப்பட்டை. இந்தப் பேச்சை எடுத்தால் நான் லேசில் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் கார்க் ஓக் மரத்துக்கு 25 வயதாவது ஆனபிறகுதான் முதல் உரிப்பு. கோடையில் கோடாலியால் பட்டையை மட்டும் பக்குவமாகப் பெயர்த்தெடுப்பார்கள். மரம் சாகாது, புதுப்பட்டை கட்டும். அடுத்த உரிப்புக்கு 9 வருஷமாவது காத்திருக்க வேண்டும், சட்டமே அப்படி. கணக்குத் தப்பாமலிருக்க, உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்திலேயே பெயின்டில் எழுதிவிடுவார்கள். 2024 என்றால் 4. பாட்டில் மூடிக்கு மூன்றாவது உரிப்புதான் தேறும்; அதற்குள் மரத்துக்கு 40 தாண்டிவிடும்! முதல் பட்டை ஒரே கரடுமுரடு, மூடிக்கு ஆகாது. நமக்கு வேண்டியது அந்தக் கரடுமுரடுதான். வேர் நுழைய இடுக்கு உண்டு, லேசில் மக்காது, சீக்கிரம் காயும்.

காய்வதுதான் முக்கியம். வாரம் ஒன்றிரண்டு முறை பட்டையோடு வாளியில் அரைமணி நேரம் முக்குங்கள். எடுத்ததும் தலைகீழாக உதறி, காற்றாட வையுங்கள். நாலு மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். முக்குவது காலையில். இந்தச் செடி இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கும், அப்போது ஈரமாக இருந்தால் மூச்சு முட்டும். திரும்பவும் சொல்கிறேன், காலையில். உப்புப் போர் தண்ணீர் வேண்டாம், செதில் அடைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை.

செடியைப் பட்டையில் கட்டும் முடிச்சை வானொலியில் காட்ட முடியாது. தூண்டில் நரம்பால் அடியைச் சுற்றி, இறுக்காமல் கட்டுங்கள். செம்புக் கம்பி கூடவே கூடாது, செம்பு இதற்கு விஷம். அடியில் ஈரப்பாசியும் வைக்காதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். பூவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு செடி ஒரே முறைதான் பூக்கும். பிறகு பக்கத்தில் குட்டி விட்டு, தாய் மெல்லக் கருகும். அது நோய் இல்லை, மருந்து அடிக்காதீர்கள். குட்டி தாயில் மூன்றிலொரு பங்கு வளர்ந்தால் பிரிக்கலாம். கார்க்கில் இருந்தால் நான் பிரிக்கமாட்டேன், கொத்தாகவே வளரட்டும். உரமிடுவது பற்றியும் சொல்ல நினைத்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். நன்றி, வணக்கம்.