மூடியும் மூன்று காலும்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானியப் பீங்கான் தூபக்கால் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். கோரோ என்பார்கள். கியூஷு தீவில் அரிதா என்று ஓர் ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பீங்கான் செய்யும் ககியேமோன் குடும்பத்தின் கோரோவைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது ஓவியத்தைத்தான். அந்தச் சிவப்பு, அந்தப் பூ, அந்தப் பறவை! எனக்கோ ஓவியம் இரண்டாம்பட்சம். கைவரிசை தெரிவது மூடியிலும் காலிலும்தான்.

அடிமண்ணின் நிறத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரிசி களைந்த கழுநீரின் வெண்மை. நிகோஷிதே என்று பெயர். ககியேமோன் என்பது குடும்பத் தலைவர்கள் வழிவழியாக ஏற்கும் பெயர். 18ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப்போன இந்த வேலையை 12ஆம், 13ஆம் ககியேமோன்கள், அப்பாவும் மகனுமாக, 1953இல் மீட்டார்கள். பேரன் 14ஆம் ககியேமோனுக்கு 2001இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற தகுதி கிடைத்தது.

மூடிக்கு வருவோம். பீங்கான் மண் சூளையில் சுருங்கும். ஈரத்தில் 10 சென்டிமீட்டர் வாய், வெந்து வரும்போது ஏறக்குறைய எட்டரை. சுருங்குவதோடு கோணவும் செய்யும். மூடியைத் தனியே சுட்டால் அது ஒரு பக்கம் கோணும், பாத்திரம் இன்னொரு பக்கம் கோணும், இரண்டும் பொருந்தவே பொருந்தாது. அதனால் ஒரே மண்ணில், ஒரே நாளில் வனைந்து, மூடியைப் பாத்திரத்தின் மேல் வைத்தே சுடுவார்கள். கோணினாலும் சேர்ந்தே கோணட்டும்! இரண்டும் தொடும் விளிம்பில் கிளேஸை, அதாவது பளபளப்பு தரும் மேற்பூச்சை, சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். ஒரு சொட்டு நின்றாலும் 1300 டிகிரியில் கண்ணாடியாக உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்துத்தான் எடுக்கலாம். மூடியில் புகை போகும் துளைகளை மண் பாதி காய்ந்த பதத்தில் வெட்டுவார்கள். துளையின் மூலை கூராக நின்றால் காயும்போதே அங்கிருந்து கீறல் ஓடும். அதனால் ஒவ்வொரு மூலையையும் ஈரத் தூரிகையால் மழுக்குவார்கள்.

இனி கால். அந்தச் சூட்டில் பீங்கான் இளகும். மூன்று கால்மேல் முழு எடையும் நின்றால் கால் வளையும், வயிறு தொங்கும். இதற்குச் சீனக் குயவர்கள் ஒரு யுக்தி வைத்திருந்தார்கள். நகோயாவில் டோகுகாவா கலைக் காட்சியகத்தில் சீனத்துப் பச்சைக் கோரோ ஒன்று இருக்கிறது. பெயர் சிதோரி. மூடியில் ஒரு சிறு கடற்கரைப் பறவை உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி தூங்கும் அறைக்குள் கோஎமோன் என்ற திருடன் நுழைந்தபோது அந்தப் பறவை கத்திக் காட்டிக்கொடுத்ததாம். கதைதான், ஆனால் ஜப்பானில் தெரியாதவர் குறைவு. எல்லோரும் பறவையைப் பார்ப்பார்கள். நீங்கள் காலைப் பாருங்கள். மூன்று காலும் தரையில் படாது! நடு அடியில் ஒரு வளையம் எடை முழுவதையும் தாங்க, கால்கள் சும்மா தொங்கும். காலை ஒட்டும்போதும் ஒரு கண்டிப்பு உண்டு. காலின் ஈரமும் உடலின் ஈரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் கூடுதல் ஈரமாக இருந்தால் அதிகம் சுருங்கி, ஒட்டிய இடத்தில் பிளந்துவிடும்.

நேரம் ஓடிவிட்டது. பயன்படுத்தும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறும் பாத்திரத்தில் கரிக்கங்கை வைக்காதீர்கள், அடி விரியும். முக்கால் பங்கு நுண்சாம்பல் நிரப்பிக் குச்சியால் கிளறிவிடுங்கள். சாம்பல் ஈரமாக இருந்தால் கங்கு அணையும். கரி முழுதும் பிடித்துச் சாம்பல் பூத்த பிறகு பாதி புதையுங்கள். அகில் துண்டைக் கங்கின் மேல் வைக்கக் கூடாது, பக்கத்துச் சூடான சாம்பலில் வைக்க வேண்டும். கருகல் வாசம் வந்தால் இன்னும் தள்ளி வையுங்கள். கங்கு நிதானப்பட்ட பிறகே மூடி போடுங்கள்.

மூடியின் உள்ளே பிசின் படிந்தால் வெந்நீரில் நனைத்த துணி போதும். தேய்க்கும் பொடி பட்டால் மேலே தீட்டிய வண்ணம் போய்விடும், ஏனென்றால் அது 800 டிகிரி அளவில் தனியாகச் சுட்டது, கிளேஸுக்கு மேலே இருப்பது. வணக்கம்.