உள்ளூர் அணி, உள்ளூரில் மட்டும் இருட்டு: டாட்ஜர்ஸ் மேட்ச்சை ஆறு வருஷம் மறைத்தது யார்?

(திரையில்: டாட்ஜர் ஸ்டேடியம், இரவு மேட்ச்)

2014 ஜூன் 18. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் கிளேட்டன் கெர்ஷா, கொலராடோ ராக்கீஸ் அணிக்கு எதிராகப் பந்து வீசுகிறார். ஒன்பது இன்னிங்ஸும் அவரே வீசி, 15 பேரை ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட்) செய்து, எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்க விடாமல் மேட்ச்சை முடித்தார். பேஸ்பாலில் இதை நோ-ஹிட்டர் என்பார்கள், ஒரு பிட்ச்சருக்கு, அதாவது பந்து வீசுகிறவருக்கு, வாழ்நாளில் ஒருமுறை அமைந்தாலே பெரிய விஷயம். ஆனால் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும், வீட்டில் டைரக்டிவி, டிஷ் நெட்வொர்க் என்ற செயற்கைக்கோள் டிவி இணைப்பு வைத்திருந்தவர்களால் அதைப் பார்க்க முடியவில்லை. மாதாமாதம் பணம் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்தான். சிக்னல் கோளாறும் இல்லை. அந்தச் சேனலே அவர்களுக்குக் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 70 சதவீத வீடுகளுக்கு இதே நிலைமை என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

எப்படி இப்படி ஆனது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணி சீசனுக்கு 162 மேட்ச் ஆடும். நாடு முழுக்கத் தெரிகிற சேனல்களில் வருவது அதில் கொஞ்சம்தான், மீதி எல்லாம் அந்தந்த ஊருக்கென்று இருக்கிற வட்டார விளையாட்டு சேனலில். அந்தச் சேனல் கேபிள் கம்பெனியிடமும் செயற்கைக்கோள் டிவி கம்பெனியிடமும் வீட்டுக்கு மாதம் இத்தனை டாலர் என்று வாங்கும். மேட்ச் பார்க்கிற வீட்டுக்கு மட்டும் இல்லை, அந்தப் பேக்கேஜ் வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும். ஒருநாள்கூட பேஸ்பால் பார்க்காத பாட்டியும் அந்தப் பணத்தைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்.

மேட்ச் இப்படி டிவியில் தெரியாமல் போவதைப் பிளாக்அவுட் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு, இதைக் குழப்பிக்கொண்டால் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாது. ஒன்று, சேனலும் டிவி கம்பெனியும் விலையில் ஒத்துவராமல் சேனலே இல்லாமல் போவது. இன்னொன்று எல்லை விவகாரம். பேஸ்பால் லீக், நாட்டை அணிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. உங்கள் வீடு ஒரு அணியின் எல்லைக்குள் இருந்தால், லீக்கின் ஸ்ட்ரீமிங் சந்தாவில் அந்த அணியின் மேட்ச் மறைக்கப்படும், வட்டார சேனலுக்குப் போ என்பார்கள். ஐயோவா மாநிலத்தில் மேஜர் லீக் அணி ஒன்றுகூடக் கிடையாது, ஆனாலும் நீண்ட காலம் அங்கே ஆறு அணிகளின் மேட்ச்கள் மறைக்கப்பட்டன: கப்ஸ், வைட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ். அக்கம்பக்கத்து மாநில அணிகள் எல்லாமே ஐயோவா எங்கள் எல்லை என்று உரிமை கொண்டாடின!

இரண்டு வகையும் ஒரே வீட்டில் சேர்ந்து விழுந்தால்? டாட்ஜர்ஸ் ரசிகர்களுக்கு நடந்தது அதுதான்: சேனலும் இல்லை, ஸ்ட்ரீமிங்கிலும் மறைப்பு.

(திரையில்: 2012, 2013, 2014 என்று காலக்கோடு)

2012இல் டாட்ஜர்ஸ் அணி சுமார் 215 கோடி டாலருக்குக் கைமாறியது. அடுத்த வருஷமே புது முதலாளிகள் டைம் வார்னர் கேபிள் என்ற கேபிள் டிவி கம்பெனியோடு 25 வருஷ ஒப்பந்தம் போட்டார்கள், மதிப்பு 800 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க 2014 பிப்ரவரியில் ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ என்று தனிச் சேனல் ஆரம்பமானது. கேட்ட விலை, வீட்டுக்கு மாதம் 4 டாலருக்கு மேல். டைரக்டிவி மறுத்தது. டிஷ், காக்ஸ், வெரைசான் எல்லாரும் மறுத்தார்கள். பார்க்க விரும்புகிறவர்களிடம் மட்டும் தனியாகப் பணம் வாங்கலாமே என்றது டைரக்டிவி. முடியாது, எல்லா வீட்டுக்கும் கணக்கு வேண்டும் என்றது டைம் வார்னர். மத்தியஸ்தரிடம் விடுங்கள் என்று அந்தப் பகுதி எம்பிக்கள் கடிதம் எழுதினார்கள். டைம் வார்னர் சரி என்றது, இந்த முறை டைரக்டிவி மாட்டேன் என்றது.

நடுவில் ரசிகர்களுக்கு விளம்பரத்துக்கு மட்டும் குறைவில்லை. உங்கள் டிவி கம்பெனிக்கு போன் போட்டுச் சத்தம் போடுங்கள் என்று ஒரு பக்கம், அவர்கள் கேட்பது அநியாய விலை என்று இன்னொரு பக்கம். கோபம் நம்முடையது, அதைப் பேரத்துக்குப் பயன்படுத்தியது அவர்கள். எனக்கு இதில் ஆறவே ஆறாத இடம் இதுதான்.

சரி, ஏன் இவ்வளவு இழுத்தது? யாருக்கும் அவசரம் இல்லை, அதுதான் காரணம். டாட்ஜர்ஸுக்கு வர வேண்டிய பணத்துக்கு ஒப்பந்தம் இருந்தது. டிவி கம்பெனிக்கு இருக்கிற ஒரே பயம், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவாரோ என்பது. அந்தப் போட்டிக் கம்பெனியிலும் சேனல் இல்லை என்றால் போவதற்கு இடம் ஏது? அமெரிக்க நீதித்துறை 2016 நவம்பரில் வழக்குப் போட்டதே இதை வைத்துத்தான்: சேனலை எடுக்கப்போகிறோமா இல்லையா என்பதை டைரக்டிவி மற்ற கம்பெனிகளோடு இரகசியமாகப் பேசிக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. 2017 மார்ச்சில் சமரசம், இனி அப்படித் தகவல் பரிமாறக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் சேனலை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அதனால் டிவியில் எதுவும் மாறவில்லை.

இந்தக் காலத்தில் போனது சாதாரண மேட்ச்கள் மட்டும் இல்லை. வின் ஸ்கல்லி, 1950இலிருந்து டாட்ஜர்ஸுக்கு வர்ணனை செய்தவர், அணி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த காலத்து மனிதர். 2016 அவருடைய கடைசி சீசன். அவர் வர்ணனையில் முதல் மூன்று இன்னிங்ஸ் மட்டும் ரேடியோவிலும் வரும், அப்புறம் அவர் குரல் டிவிக்கு மட்டும். சேனல் இல்லாத வீட்டில் ரேடியோ வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் வேறு குரல் வந்துவிடும். கடைசி சில மேட்ச்களை மட்டும் கேடிஎல்ஏ என்ற இலவச சேனலில் காட்டினார்கள். 67 சீசன் பேசிய மனிதருக்கு அந்த ஊர் மக்கள் அப்படித்தான் விடை கொடுக்க வேண்டியிருந்தது.

2020 ஏப்ரல் 1 அன்று டைரக்டிவி கடைசியில் ஒப்புக்கொண்டது. அப்போது கொரோனாவால் பேஸ்பாலே நின்று போயிருந்தது. டிஷ் வாடிக்கையாளர்களுக்கு அப்போதும் இல்லை.

இது லாஸ் ஏஞ்சலஸ் கதை மட்டும் இல்லை. பிலடெல்பியாவில் காம்காஸ்ட் என்ற கேபிள் கம்பெனி தன் வட்டார விளையாட்டு சேனலை செயற்கைக்கோள் வழியாக அனுப்பாமல் தரைவழி இணைப்பில் அனுப்பியது. செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் சேனலைத்தான் போட்டியாளருக்கும் கொடுக்க வேண்டும் என்று 1992 சட்டம் சொன்னது, அந்த ஓட்டையில் புகுந்துவிட்டார்கள். செயற்கைக்கோள் டிவி வைத்தவர்களுக்கு அந்த ஊர் அணியான ஃபில்லீஸின் மேட்ச் கிடையாது. 2010இல்தான் எஃப்சிசி, அதாவது மத்திய தகவல்தொடர்பு ஆணையம், அந்த ஓட்டையை அடைத்தது.

இப்போது மொத்த அமைப்பே ஆடிப்போயிருக்கிறது. வட்டார சேனல்களை நிறைய கையில் வைத்திருந்த டைமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. சான் டியாகோவின் பாட்ரேஸ் அணிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காததால், மே 31 முதல் லீக்கே அந்த மேட்ச்களைத் தயாரித்து, உள்ளூர் ஆட்களுக்கும் பிளாக்அவுட் இல்லாமல் ஸ்ட்ரீமிங்கில் விற்றது. ஆக, எல்லைக் கோட்டை அழிக்க முடியாது என்று இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் மனம் இல்லாததால்தான்.

(திரையில்: மாதாந்திர பில், ஒரு வரி பெரிதாக)

நீங்கள் அமெரிக்காவில் செயற்கைக்கோள் டிவி வைத்திருந்தால், பில்லில் வட்டார விளையாட்டுக் கட்டணம் என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள், தொகை உங்கள் ஜிப் கோடை (அங்கத்திய பின்கோடு) பொறுத்து மாறும். புதிதாக எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உங்கள் ஜிப் கோடில் எந்த அணி உண்மையில் தெரியும் என்று கேளுங்கள், ஏனென்றால் சேனல் போனாலும் ஒப்பந்தம் உங்களைக் கட்டிப்போடும், நடுவில் விட்டால் அபராதம். சேனல் போய்விட்டால் பணத்தைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவருக்கு மட்டும் கழிப்பது நியாயமே இல்லை, காட்டாத நாளுக்கு எல்லாருடைய பில்லிலும் தானாகவே குறைய வேண்டும். 2024 ஜனவரியில் எஃப்சிசியே இப்படிப் பணத்தைத் திருப்பித் தர வைக்கலாமா என்று ஒரு முன்மொழிவு வெளியிட்டது. டிவி கம்பெனிகளுக்குக் காசு போகிறது என்கிற அவசரம் அப்போதாவது வரும்.