கால் மாறி ஆடிய ஊரில் கை மாறினால் என்ன?

மைக்கை இடது கையால் வாங்கியதும் முன்வரிசையில் ஒரு ஐயா முகம் சுளித்ததைப் பார்த்தேன். கோபமில்லை ஐயா, ஆகஸ்ட் 13 இடக்கையர் நாள், இன்றைக்காவது விட்டுவிடுங்கள்.

நம்ம பக்கம் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர். இடது கைக்குப் பீச்சாங்கை. ஒன்றுக்குச் சோறு, இன்னொன்றுக்கு என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஊரில் அந்தப் பாகப்பிரிவினைக்கு ஒரு நியாயம் உண்டுதான். ஆனால் அதற்கும் பல்பம் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றாம் வகுப்பில் ஸ்கேலைக் குத்தவைத்து விரல் மொழியில் அடித்தார்கள், வீட்டுக்கு வந்தால் அம்மா அதே விரல்களில் வேப்பெண்ணெய் தடவினார், இரண்டுக்கும் நடுவில் நான் வலது கைக்கு மாறினேன், எழுத்து இன்றுவரை கோழி கிளறிய குப்பைதான். பம்பரம் மட்டும் இடது கையிலேயே நின்றுவிட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை.

பத்துப் பேரில் ஒருவர் இடக்கையர் என்பது பொதுவான கணக்கு. இங்கே எண்பது பேர் இருப்பீர்கள். கை தூக்கச் சொன்னேன், நாலு கை எழுந்தது, நாலும் பள்ளிப் பிள்ளைகள். அப்படியானால் பெரியவர்களில் இடக்கையரே பிறக்கவில்லையா? பிறந்தார்கள், என்னை மாதிரி மாற்றப்பட்டார்கள், அவ்வளவுதான்.

1909இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பிய காந்தி, ‘ஹிந்த் சுவராஜ்’ எழுதும்போது வலது கை ஓய்ந்ததும் இடது கையால் தொடர்ந்தார். நம்ம மதுரையில் தமுக்கம் மைதானம் பக்கத்தில் அவருக்கு மியூசியமே வைத்திருக்கிறோம், இதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

அதைவிடக் கிட்டத்தில், நம்ம மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்துக்கு வாருங்கள். மற்ற ஊர் நடராசர் இடது காலைத் தூக்கி ஆடுவார், இங்கே வலது கால். ராஜசேகர பாண்டியன் தானே நடனம் படித்து, கால் கடுத்துப்போய், சாமிக்கும் இப்படித்தானே வலிக்கும் என்று கால் மாற்றி ஆடச் சொன்னதாகத் திருவிளையாடல் கதை. ஆடிப் பார்த்த பிறகுதான் ராஜாவுக்கே உறைத்தது. நீங்களும் வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துத் துணி வெட்டிப் பாருங்கள். அலகு இரண்டும் விலகி, துணி நடுவில் மடங்கி மெல்லும், வெட்டுகிற கோடும் கண்ணுக்கு மறையும். அப்புறம் காலேஜ் நாற்காலியின் எழுதுபலகை, அது எப்போதும் வலப்பக்கம்தான்.

இப்போது டீச்சர்கள் அடிப்பதில்லை. என் மகள் இடது கையில்தான் எழுதுகிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எழுதுகிற வரைக்கும்தான் அந்தத் தாராளம். கடையில் இடது கையால் காசு நீட்டினால் இன்னும் வாங்க மாட்டார்கள், விபூதிக்கு நீட்டினால் கேட்கவே வேண்டாம்.

போன மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் மகள் இடது கையால் சோற்றைப் பிசைய, பக்கத்துப் பெரியம்மாவின் முழங்கையும் அவள் முழங்கையும் இடித்துக்கொண்டே இருந்தன. வேப்பெண்ணெய் தடவிய அதே எங்கம்மா எழுந்து வந்து, “நீ இங்கிட்டு வாத்தா” என்று அவளை வரிசையின் இடது ஓரத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சரி, மாறிவிட்டார் என்று நினைத்தால், அங்கே மகள் தன் கை வாட்டத்துக்கு இலையைத் திருப்பப் பார்த்தாள். அம்மா படக்கென்று இலையைப் பிடித்துக்கொண்டார்.

நுனி இடப்பக்கம்தானாம்.