காதால் ஓட்டும் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் பேச வரச் சொன்னபோது தலைப்பைத் தேடி நான் அலையவில்லை. காதை மட்டுமே நம்பியிருக்கும் ஊடகம் இது. நானும் வாரத்தில் மூன்று நாள் காதை நம்பித்தான் சைக்கிள் ஓட்டுகிறேன். அதைப் பற்றியே பேசுகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்கே சஃபக் என்ற மாவட்டம். அதில் லாவன்ஹாம் என்ற பழைய ஊருக்குப் பக்கத்தில், நூறு வீடுகூட இல்லாத ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். வாசலை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘லேன்’ என்று இங்கே சொல்லும் ஒடுக்கமான சாலைதான். பல இடங்களில் அகலம் மூன்று மீட்டர் தேறாது. ஒரு டிராக்டர் வந்தால் சாலை நிறைந்துவிடும். இரு புறமும் ஆளுயரத்துக்கு மேல் உயிர்வேலி. ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற முள்மரங்களும் காட்டு ரோஜாவும் பின்னிக்கொண்டு நிற்கும்.

இந்த லேன்கள் நேராகப் போவதே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டம் போட்டு, ஊர்ப் பொது வயல்களை அளந்து பங்கிட்டு வேலியடைத்தார்கள். நில அளவையாளர் கோடு கிழித்த சாலைகள் அங்கே நூல் பிடித்தாற்போல் போகும். எங்கள் களிமண் பூமியிலோ பெரும்பாலான வயல்களுக்கு அதற்கு வெகு காலம் முன்பே வேலி வந்துவிட்டது. யாரோ ஒருவருடைய வயல் மூலையைச் சுற்றிக்கொண்டு மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் வளைந்தன. அந்தத் தடத்தின் மேல்தான் இன்றைக்குத் தார் கிடக்கிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

இங்கே குடிவந்த புதிதில், ஒவ்வொரு வளைவிலும் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தபடி ஓட்டினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் என்னோடு கூடவே வந்தார். “வளைவு வருவதற்கு முன்னால் பெடலைச் சும்மா சுற்றிக்கொண்டிருங்கள். அழுத்தவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்” என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே காட்டினார். மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள பற்கள் கடகடவென்று சத்தமிடும். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. அழுத்தி மிதித்தால் நம்முடைய மூச்சும் செயினும் காதை நிறைத்துவிடும். விசை கொடுக்காமல் பெடலை மெல்லச் சுற்றினால் சைக்கிள் ஊமையாகிவிடுகிறது. அந்த மூன்று நான்கு நொடியில் லேன் முழுவதும் காதுக்குள் வந்துவிடும்.

என்னென்ன வரும் என்று கேட்கிறீர்களா? முதலில் காற்று. அதற்கு மேலே வானம்பாடி. ஏப்ரல் மாதத்தில் அது கண்ணுக்கே எட்டாத உயரத்தில் நின்று மூச்சு விடாமல் பாடும். கீழே வேலிக்குள் சருகு சரசரக்கும். ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி எந்த நேரமும் முன்சக்கரத்துக்குக் குறுக்கே பாயலாம் என்று பொருள். டிராக்டர் என்றால் அரை மைலுக்கு முன்பே தெரிந்துவிடும். கார் என்றால் இன்ஜினைவிட டயர் ஓசைதான் முதலில் எட்டும். ஈரச் சாலையில் எண்ணெயில் அப்பளம் இட்டது போலச் சீறிக்கொண்டு வரும். மின்சாரக் கார் மெதுவாக வந்தால் அந்த ஓசையும் மிகக் குறைவு. குதிரையின் குளம்போசையோ டக் டக் என்று தெளிவாகக் கேட்கும். அதைக் கேட்டதுமே நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

குதிரையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சைக்கிளுக்கு இந்த நாட்டுச் சாலையில் சட்டப்படி இடம் கிடைத்த கதையிலேயே ஓசை இருக்கிறது. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளையும் ஒரு வண்டி என்று ஏற்றுக்கொண்டது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தது. வண்டியையோ குதிரையையோ நடந்து போகிறவரையோ கடக்கும்போது, மணியடித்தோ விசில் ஊதியோ வேறு வகையிலோ, காதில் விழும்படி எச்சரிக்கை செய்ய வேண்டும் என்றது. நான் குதிரைக்குப் பின்னால் மணியடிப்பதில்லை. திடீர் மணிச் சத்தத்தில் மிரளும் குதிரையைப் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்தே “காலை வணக்கம்” என்று குரல் கொடுப்பேன். மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கமானது. அதன் காது ஒன்று பின்னால் திரும்பும். மேலே இருக்கும் பெண் கையைக் காட்டிய பிறகு அகலமாக ஒதுங்கிக் கடந்து போவேன்.

இவ்வளவு கவனமாகக் கேட்டும் நான் ஒரு முறை விழுந்தேன். ஜூன் மாதம். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், சில விலக்குகள் தவிர, விவசாயிகள் வேலியை வெட்டக் கூடாது. அது நல்ல விதி; எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் ஜூனில் வேலி வயிறு பெருத்துச் சாலைக்குள் சாய்ந்திருக்கும். வளைவு இன்னும் குருடாகிவிடும். பொட்டலம் கொண்டுபோகும் வேன் ஒன்று வந்தது. நான் அதைக் கேட்டேன், ஒதுங்கவும் செய்தேன். ஆனால் கேட்டதற்கும் அது வந்ததற்கும் நடுவே இரண்டு நொடிகூட இல்லை. வேன் என்னைத் தொடவில்லை. சாலையோரப் பள்ளத்தில் செந்தட்டிச் செடிகளுக்குள் போய் விழுந்தேன். கையும் கழுத்தும் மாலை வரை எரிந்தன. ஓட்டுநர் நிறுத்தி, இறங்கி வந்து, என்னைத் தூக்கிவிட்டார். வயதில் சிறியவர்; கைகள் நடுங்கின. அன்றைக்கு இன்னும் நாற்பது வீடுகளுக்குப் பொட்டலம் கொடுக்க வேண்டும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

என் கோபமெல்லாம் அந்த லேனின் முனையில் நிற்கும் பலகை மேல்தான். வெள்ளை வட்டம், குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. ஊருக்குள் மணிக்கு 30 மைல் என்ற வரம்பு அங்கே முடிகிறது. இத்தகைய சாலைகளில் காருக்கு நாட்டின் பொது வரம்பான 60 மைல், அதாவது ஏறக்குறைய 96 கிலோமீட்டர், அங்கே தொடங்குகிறது. இரண்டு கார்கள் எதிரெதிரே ஒதுங்க முடியாத சாலையில்! அந்த வேகத்தில் யாரும் அங்கே ஓட்ட முடியாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். முடியாதென்றால் பலகையில் ஏன் அனுமதி?

2022 ஜனவரி 29 முதல் நடப்பில் இருக்கும் திருத்திய சாலை விதிநூல், சைக்கிளைக் கடக்கும்போது 30 மைல் வேகம் வரை குறைந்தது 1.5 மீட்டர் இடம் விட வேண்டும் என்கிறது. குதிரை என்றால் 10 மைலுக்கு மேல் போகாமல் 2 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் லேனில் கண்ணாடிகளோடு சேர்த்துக் காருக்கு இரண்டு மீட்டர் போய்விடும். இடைவெளிக்கு ஒன்றரை. சைக்கிளை எங்கே வைப்பது? ஆகவே லேனில் சைக்கிளை முந்த வழியே இல்லை. யாராவது ஒருவர் வயல் வாசலில் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். பின்னால் வாகனம் கேட்டால், அடுத்த வயல் வாசலில் நானே நின்றுவிடுகிறேன். கை உயர்த்தி நன்றி சொல்லாமல் போகிறவர்கள் மிகக் குறைவு.

சஃபக்கில் பல கிராமங்களின் தொண்டர்கள் சேர்ந்து, தங்கள் லேன்களை ‘அமைதிச் சாலை’ என்று அறிவிக்கச் செய்து பலகை நட்டிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் அதற்கு வழி செய்தது. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்கிறேன். ஆனால் பலகை நட்டதாலேயே வேக வரம்பு குறைந்துவிடுவதில்லை. அதுவும் குறைய வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சபையில் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுவருகிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

இலையுதிர் காலத்தில் வேறு தொல்லை. சர்க்கரை பீட் அறுவடை தொடங்கும். பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்துச் சர்க்கரை ஆலைக்கு லாரிகள் போய்வரும். வயல் களிமண் லேன் முழுவதும் அப்பிக்கிடக்கும். அந்த மண்ணோடு சிக்கிமுக்கிக் கல் சில்லுகளும் வரும். ஆதி மனிதன் கத்தியாக வைத்திருந்த கல்லல்லவா, டயரை அறுத்துவிடும். வேலி வெட்டும் காலமும் அதுதான், எனவே முள்ளும் உதிர்ந்து கிடக்கும். பஞ்சர் ஒட்டும்போது விரலை டயருக்குள் விட்டுத் தடவாதீர்கள், துணியால் தடவுங்கள். பிளாக்தார்ன் முள் உள்ளே முறிந்து, வெளியே புள்ளியாகக்கூடத் தெரியாமல் நிற்கும். துணி மாட்டிக்கொள்ளும் இடத்தில் முள் இருக்கிறது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த மைலிலேயே மீண்டும் இறங்க வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்த ஊர் கெர்சி. முரட்டுக் கம்பளித் துணி ஒன்றுக்கே அந்த ஊரின் பெயர் உண்டு. மேட்டில் தேவாலயம், அங்கிருந்து தெரு சரிந்து இறங்கும். அடியில் ஓடை தெருவின் குறுக்கே ஓடுகிறது. வாகனங்களுக்குப் பாலம் இல்லை. தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். அடியில் பாசி வழுக்கும் என்பதால் நான் இறங்கி, ஓரத்து நடைபாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன். அங்கே நின்றால் வாத்துகளின் சத்தமும், கார் தண்ணீரைக் கிழிக்கும் சத்தமும் கேட்கும். அந்த இடத்தில் எல்லோரும் மெதுவாகத்தான் போகிறார்கள். தண்ணீர் அவர்களை மெதுவாக்கிவிடுகிறது.

வர விரும்புகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறி, மார்க்ஸ் டே நிலையத்தில் மாறி, சட்பரியில் இறங்குங்கள். அங்கிருந்து லாவன்ஹாம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் லேண்ட்ரேஞ்சர் 155ஆம் எண் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மிக மெல்லிய மஞ்சள் கோடுகள்தான் நம் லேன்கள். பெரிய சாலைகளைத் தொடாமல் அந்தக் கோடுகளிலேயே நாள் முழுதும் சுற்றலாம். வழி தவறினால் லாவன்ஹாம் தேவாலயக் கோபுரத்தைத் தேடுங்கள். 43 மீட்டர் உயரம். கம்பளி வணிகத்தில் சேர்ந்த பணத்தில் எழுந்தது.

மே மாதம் வாருங்கள். ஹாதார்ன் பூத்து வேலிகள் வெளுத்திருக்கும். காதில் பாட்டுக் கருவி எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். முதல் வளைவு வந்ததும் பெடலைச் சும்மா சுற்றுங்கள்.

வணக்கம்.