கத்தரிக்கோலைப் பிடுங்காதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். காலையிலிருந்து மேசை மேசையாகச் சுற்றி வந்தேன். ஒரே காட்சி பல இடங்களில் கண்ணில் பட்டது. குழந்தை வெட்டுகிறது, கோடு கொஞ்சம் கோணுகிறது. உடனே, "இங்கே கொடு கண்ணு, நான் வெட்டித் தரேன்" என்று ஒரு பெரிய கை நீள்கிறது. அந்தக் கையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அன்பில்தான் நீள்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் கோணல் எதனால் வந்தது என்று பார்க்கவே விடாமல் செய்துவிடுகிறது. இடது கைக் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கத்தரிக்கோல் வலது கைக்காகச் செய்யப்பட்டது. வலது கையால் அழுத்தினால் இரண்டு அலகுகளும் ஒன்றோடொன்று நெருங்கும். அதையே இடது கையால் அழுத்தினால் விலகும். காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து சிக்கும். போதாததற்கு, போட்ட கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். இப்படிச் சிரமப்படும் குழந்தைக்குக் "கைவேலை வராது" என்று பெயர் வைத்துவிடுகிறோம். அதற்குத் தேவை இடது கைக் கத்தரிக்கோல், அவ்வளவுதான்.

வட்டம் வெட்டத் தெரியாத குழந்தைக்கும் நீங்கள் வெட்டித் தர வேண்டாம். கத்தரிக்கோலைத் திருப்பாதே, காகிதத்தைத் திருப்பு என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம், மழுங்கிய கத்தரிக்கோல்தான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வெட்டாத கருவியைக் குழந்தை பலம் கொண்ட மட்டும் அழுத்தும், அப்போதுதான் வழுக்கும். முனை உருண்டையாக இருக்கட்டும், அலகு நன்றாக வெட்டட்டும். வெட்டுக்கத்தியும் சூடான பசைத் துப்பாக்கியும் பெரியவர்கள் வேலை. அதில் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, ஒரு காகிதச் சுழலி செய்வோம். ஐந்து சென்டிமீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை. மேலிருந்து பாதி வரை நடுவே வெட்டி, ஒரு இறக்கையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மடியுங்கள். நடு வெட்டு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு ஓரத்திலிருந்தும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, அதற்குக் கீழுள்ள பகுதியை இரண்டு பக்கமும் உள்ளே மடித்துத் தண்டு போலாக்கி, அடியில் ஒரு கிளிப் மாட்டுங்கள். உயரத்திலிருந்து விட்டால் சுழன்றுகொண்டே இறங்கும். காற்று இறக்கைகளை அடியிலிருந்து தள்ளுகிறது. இரண்டும் எதிரெதிராக மடிந்திருப்பதால் அந்தத் தள்ளல் திருகலாக மாறுகிறது.

இதைச் செய்யப் பத்து நிமிடம்கூட ஆகாது. அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கிளிப்பை மறந்துவிட்ட குழந்தையின் சுழலி குட்டிக்கரணம் போட்டு விழும். இறக்கைகளை மாற்றி மடித்தவளுடையது எதிர்த்திசையில் சுழலும். இரண்டையும் ஒரே பக்கம் மடித்தவனுடையது சுழலாமல் சரிந்து விழும். அப்போது "தப்பு" என்று சொல்லி நிமிர்த்திக் கொடுத்துவிட்டால், அவன் கையில் இருந்த கேள்வியை நாமே வாங்கிக்கொண்டோம் என்று அர்த்தம். கொஞ்சம் பொறுங்கள். பக்கத்துக் குழந்தையுடையதை எட்டிப் பார்ப்பான், பிரிப்பான், மறுபடி மடிப்பான்.

இதெல்லாம் பொழுதுபோக்கு, படிப்பு வேறு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1837-இல் ஜெர்மனியில் சின்னக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், காகிதம் மடிப்பதையும் பின்னுவதையும் களிமண் பிசைவதையும் கல்வியின் நடுவிலேயே வைத்தார். ஃபின்லாந்து 1866-லேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது.

எல்லாப் பாகங்களையும் வெட்டியே தரும் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. எப்போதாவது வாங்குங்கள், தவறில்லை. எனக்கு என்னவோ பழைய அட்டைப் பெட்டிதான் மேல். உள்ளே இருக்கும் வரிகளின் போக்கில் மடித்தால் எளிதாக மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். அதைப் படத்தில் காட்டிப் புரியவைக்க முடியாது, விரல்தான் உணர வேண்டும்.

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதா? உங்களுக்கென்று தனியாக ஒரு பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் சுழலியை நீங்கள் செய்யுங்கள். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. காகிதம் எல்லா மேசையிலும் வைத்திருக்கிறோம், கிளிப் மட்டும் இங்கே முன்னால் இருக்கிறது. குழந்தைகளே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.