உலைமூடியும் தலைப்பாகையும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த புலவர் பெருமக்களே, நூலகத் துறை அதிகாரி அவர்களே (தங்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, பிறகு வருகிறேன்), எனக்கு முன் பேசி என் நேரத்தில் கால் பங்கைத் தம்முடையதாக்கிக்கொண்ட அன்புத் தம்பி அவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

வில்லியம் பெண்டிங் பிரபு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, 1829-இல் உடன்கட்டை ஏறும் வழக்கத்தைத் தடை செய்தவர் என்பதுதான். அவர் தலைமை ஆளுநராக இருந்த கல்கத்தாப் பெண்டிங். நான் பேச வந்தது சென்னைப் பெண்டிங்கைப் பற்றி. மூன்று செய்திகள் சொல்வேன்: அவருடைய குலம், வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு, அதாவது கம்பெனி அதிகாரி மன்றோவின் முறைக்கு, அவர் தந்த ஆதரவு.

குலம் பெரிய இடம். போர்ட்லண்ட் கோமகனின் இரண்டாவது மகன். மூத்தவனுக்குப் பட்டமும் நிலமும். இளையவனுக்குப் பட்டாளமும் கடல் கடந்த உத்தியோகமும். 1803-இல் சென்னை ஆளுநராக வந்து இறங்கியபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு நான்கு ஆண்டு, மருதிருவரைத் தூக்கிலிட்டு இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். நாடு அடங்கிவிட்டது என்று கோட்டையில் நினைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை!

அடுத்து வேலூர். தலைமைத் தளபதி ஜான் கிரடாக் புது விதிகள் கொண்டுவந்தார். சிப்பாய் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். பழைய ஆணைகளின் தொகுப்புதானே என்று ஆளுநர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். பெரிய இடத்துப் பிள்ளைகள் கையெழுத்திடும் அழகு அது. 1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தபோது இருவருக்குத் தலா 900 கசையடி.

இந்த இடத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாயைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஜூன் மாதத்தில் அந்த மனிதன் தன் அதிகாரியிடம் போய், "சதி நடக்கிறது" என்று சொல்லிவிட்டான். அதிகாரி என்ன செய்தார்? விசாரித்துச் சொல்லும்படி இந்திய அதிகாரிகளையே கேட்டார். அதாவது, "உங்களில் யார் சதிகாரர்?" என்று சதிகாரர்களிடமே விசாரணை! அவர்கள் கூடிப் பேசி, ஒரே குரலில், "ஐயா, இவனுக்குப் பைத்தியம்" என்றார்கள். முடிந்தது கதை. சொன்னவனைக் காவலில் அடைத்தார்கள். ஜூலை 10, விடிவதற்கு வெகுநேரம் முன்பே கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. தளபதி ஃபேன்கோர்ட் மாண்டார், வெள்ளையர் நூற்றுக்கும் மேல் மாண்டார்கள், கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து பழிதீர்த்ததில் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிறகு அரசுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பைத்தியத்துக்கு 2,000 வராகன், அதாவது பொற்காசு, பரிசு, சுபேதார் ஓய்வூதியம்! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றேனே, ஒரு வாயை மூடிப் பார்த்த கதை இது.

இன்னொன்றும் கேளுங்கள். மதத்தில் தலையிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்று ஓர் அறிவிப்பை அந்த ஜூலை முதல் வாரத்தில் சென்னை அரசு எழுதியே வைத்திருந்தது. எல்லாம் அமைதியாகத்தானே இருக்கிறது என்று வெளியிடவில்லை. 1807-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் பெண்டிங்கைத் திருப்பி அழைத்தார்கள். அப்போது இங்கிலாந்தின் பிரதமர் யார்? அவருடைய அப்பா! அப்பா நாற்காலியில் இருந்தும் மகனின் பதவி தப்பவில்லை. அந்த அவமானத்தைத் துடைத்துக்கொள்ளத்தான் அவர் 1828-இல் மறுபடி இந்தியாவுக்கு வந்தார் என்பது என் கட்சி.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ரயத்துவாரியை விட்டுவிடுகிறேன். என் விண்ணப்பத்தை விடமாட்டேன்.

பெண்டிங் தம் தரப்பு நியாயத்தை விரிவாக எழுதிவைத்துவிட்டுப் போனார். சிப்பாய் என்ன சொன்னான்? விசாரணை ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இருப்பது ஆங்கிலத்தில். வேலூரில் நினைவுத் தூண் எழுப்பினோம், 2006-இல் அஞ்சல்தலை வெளியிட்டோம், சரி. அவன் வாக்குமூலத்தைத் தமிழாக்கி மாவட்ட நூலகம்தோறும் வைக்க ஏன் நமக்கு மனம் வரவில்லை? நூலகத் துறை அதிகாரி அவர்கள் தலையசைக்கிறார்கள், அவையே சாட்சி. விண்ணப்பப் படிவம் வாசலருகே மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும்முன் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.